555

ஜெலுத்தோங் மார்க்கெட் பக்கத்து மளிகையில்
கல்லாவுக்கு மேலே தொங்கும்
உள்ளங்கை அகல 555 நோட்டு.
கடன் எழுத என்றே பிறந்தது அது.
அரிசி, மைலோ, கேஸ் தோம்பு,
சம்பளம் வரும்வரை பொறுத்துக்கொள்ளும் தாள்கள்.

நான் வாங்கியது நடப்பதற்கு.

கிளினிக் மிஸ்ஸி என் ரத்தத்தைப் படித்து
பதினொன்று புள்ளி நான்கு என்று
சத்தமாகச் சொன்ன அன்றைக்கு வாங்கினேன்.
பஸ்ஸிலேயே கட்டம் போட்டேன்.
இடப்பக்கம் தேதி, நடுவில் நிமிடம்,
வலப்பக்கம் பாக்கி.
நாளொன்றுக்கு நாற்பத்தைந்து நிமிடம்
எனக்கு நானே விதித்த தவணை.

திங்கள் நாற்பத்தைந்து.
செவ்வாய் நாற்பத்தெட்டு,
மூன்று நிமிடம் வரவு என்று
சிவப்பு மையில் எழுதிச் சிரித்துக்கொண்டேன்.
புதன் மழை.
வியாழன் ஓவர்டைம்.
வெள்ளி, மகன் லோகேந்திரன் பள்ளியில் கூட்டம்.
சனிக்கிழமை கண் விழித்தபோதே
நூற்று முப்பத்திரண்டு நிமிடம் பாக்கி.

கடன் வைத்தவர் அந்தக் கடை வழியே போவாரா?
சந்து மாறித்தான் போவார்.
நானும் சப்பாத்து அலமாரியைச்
சுற்றிக்கொண்டு போனேன்
சொந்த வீட்டில்.

டிராயரில் அதற்குத் துணையாக
முன்பே இரண்டு கிடந்தன.
ஒன்று சீனியை விட,
ஒன்று சீக்கிரம் தூங்க.
எதுவும் ஐந்தாம் பக்கம் தாண்டவில்லை.
எனக்கு மனஉறுதி கிடையாது என்று
மூன்று நோட்டும் சேர்ந்து சாட்சி சொல்லும்.

*

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
காலை ஏழுக்கு ஷிப்ட் மாறும்.
இரவு லைன் ஆறு மணி நேரம் நின்றிருக்கலாம்,
ஒரு பெட்டி முழுக்கக் குப்பைக்குப் போயிருக்கலாம்.
நூர்ஹயாத்தி வருவாள்,
கவுன்டரின் பச்சைப் பொத்தானை அழுத்துவாள்,
"கோசோங்!" என்பாள்.
சுழியம்.
பெல்ட் நகரும்.

பதினோரு வருஷமாகக் காதில் விழுந்த சொல்.
ஒரு செவ்வாய்க்கிழமை கேட்டது.

அன்று இரவு வலப்பக்கக் கோட்டை
அழித்தேன் என்று சொல்லமாட்டேன்,
பேனா மை, அழியாது.
கத்தரிக்கோலால் வெட்டினேன்.
நோட்டு இன்னும் ஒல்லியாகிவிட்டது.
தவணையையும் வெட்டினேன்:
சப்பாத்து மாட்டி, கீழே இறங்கி,
காவலர் கூண்டைத் தொட்டுத் திரும்பினால் போதும்.
நான்கே நிமிடம்.
வெட்கமாக இருந்தது.
நான்கு என்று எழுதினேன்.

மறுநாளும் நான்கு.
அதற்கடுத்து ஆறு,
லிப்ட் கெட்டுப்போனதால்.
பிறகு ஒரு மாலை கடல் ஓரம் வரை போய்
பாலத்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதைப்
பார்த்துக்கொண்டே நின்றதில்
நிமிடம் எழுத மறந்துபோனது.
அந்தப் பக்கம் இன்னும் காலி.

கூண்டுக்குள் இருக்கும் நேப்பாளத்து பிரகாஷ்
என் பெயர் தெரியாமல்
எனக்கு ஒரு பெயர் வைத்திருந்தான்:
"காக்கா ஜாலான்".
நடக்கும் அக்கா.
யாரைச் சொல்கிறான் என்று
முதலில் திரும்பிப் பார்த்தேன்.

காய்ச்சலில் நான்கு நாள் படுத்தபின்
பால் வாங்க இறங்கியபோது கேட்டான்,
இப்போதெல்லாம் நடப்பதில்லையா?
பழைய யோகேஸ்வரி கணக்குப் போட்டிருப்பாள்,
நான்கு நாள், ஒவ்வொன்றுக்கும் இத்தனை என்று.
வாயில் வந்தது வேறு:
"நான் நடக்கிறவள்தான் தம்பி.
நாலு நாளா நடக்கல."
அவ்வளவுதான் வித்தியாசம்.
அதைச் சொல்ல எனக்கு மூன்று நோட்டுகள் செலவு.

போன வாரம் எட்டு புள்ளி ஒன்று.
மிஸ்ஸி சத்தமாகச் சொல்லவில்லை.
தே ஓ கோசோங் இன்னும் கசக்கிறது,
பொய் சொல்ல மாட்டேன்,
ஞாயிற்றுக்கிழமை ஒரு கரண்டி சீனி போட்டுக்கொள்கிறேன்.

நோட்டு முடிந்து இன்னொன்று வாங்கப் போனேன்.
கடைக்காரர் தன் நோட்டைப் புரட்டி
என் பக்கத்தைக் காட்டினார்:
அறுபத்தேழு வெள்ளி, இருபது காசு.
அந்தக் கோட்டை வெட்ட முடியாது.
கட்டிவிட்டு
நடந்தே வந்தேன்.