பின்பக்கம்

பரந்தன் சந்திக் கடை, வெயில் நேரம்.
பிஸ்கற் பைக்கற்றைத் திருப்புகிறேன்.
முன்னால் கொட்டை எழுத்தில்
ட்ரான்ஸ் கொழுப்பு பூச்சியம்.
பின்னால், ஒட்டின மடிப்புக்குள்
மூன்று மொழியில் எறும்பு.
போன் வெளிச்சம் பிடித்தால்
பகுதி ஐதரசனேற்றிய தாவர எண்ணெய்.
பூச்சியம் இரண்டு பிஸ்கற்றுக்குத்தானாம்.
இரண்டோடு எழும்பின ஆளை
எங்கட வீட்டில் நான் கண்டதில்லை.

"என்னக்கா, சோதனைக்குப் படிக்கிறியளோ?"
லாச்சியை மூடியபடி தயாநிதன்.
மாஜரின் பெட்டியையும் திருப்புகிறேன்.
அவன் காத்தாடியை என் பக்கம் திருப்புகிறான்.

போன மாதம் கிளினிக்கில்
நெஞ்சுப் படத்தைத் தூக்கிப் பிடித்த டொக்டர்
இதயத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்து
விலாவுக்குக் கீழே விரலை நிறுத்தினார்.
இது?
மாத்தளனில் வந்தது.
அதை எடுக்கேலாது, இருக்கட்டும்.
நீங்கள் கொழுப்பைக் கவனியுங்கோ.

அது வரேக்க
திருப்பிப் பார்க்க ஒரு பக்கம் இருக்கவில்லை.

பைக்கற்றைத் தட்டிலேயே வைக்கிறேன்.
அரைக் கிலோ கச்சான் தா, கோதோடு.
நிறுத்துக்கொண்டிருந்தவன்
கடித்த கிறீம் பிஸ்கற்றை வாயில் வைத்தபடி
உறையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டு போகிறான்.
"எழுத்துச் சின்னன், அக்கா."
"ஓம்."