மான் தின்ற ஒன்பதாம் வினா

அனுமதி அட்டை வியாழக்கிழமை வந்தது.
விலாசத்தில் பழைய வீட்டு இலக்கம்;
தபால்காரர் விசாரித்து விசாரித்து
மத்திய வீதி ஃபார்மசி வரை கொண்டுவந்தார்.
பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள்.
அதில் பத்து நாள் எனக்குக் கவுண்டர்.
கழித்தேன். இரண்டு.
முதல் கணக்குச் சரி.

பதினான்கு வருடத்துக்கு முன்
கணிதத்தில் எனக்கு 'எஸ்'.
மருந்தாளர் பயிற்சிக்கு 'சீ' வேண்டுமாம்.
இரண்டு எழுத்துக்கும் இடையில்
உள்துறைமுகம் கிடக்கிறது.
ஆழம் யாரும் சொல்வதில்லை.

நாளுக்கு மூன்று, ஐந்து நாள்,
பதினைந்து குளிசை, ஒன்றரைக் கார்ட்
என்று வாய் தானாகச் சொல்லும்.
அதே மூன்றுக்குப் பக்கத்தில்
ஓர் எக்ஸ் வந்து நின்றால்
ஊர்பேர் தெரியாத ஆளைக் கண்டதுபோல்
கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

நஸ்மியா கிண்ணியாவிலிருந்து
தம்பியின் கடந்தகால வினாத்தாள்களைக் கொண்டுவந்தாள்,
சோற்றுப் பார்சலோடு ஒரே பையில்.
இரண்டாயிரத்துப் பதினேழு முழுக்க மீன் குழம்பு.
வட்ட நாற்பக்கலின் எதிர்க்கோணங்கள்
மஞ்சளாய் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.
கூட்டினால் நூற்றெண்பது என்பது
குழம்பையும் மீறித் தெரிந்தது.

இன்சுலின் பெட்டியின் கதவில்
கூம்பின் கனவளவை எழுதி ஒட்டினேன்.
துண்டை நீட்டியபடி ஒருவர் கேட்டார்:
"விலை திரும்பவும் ஏறிட்டுதோ, தங்கச்சி?"

இரவில் மகள் தூங்கியபின்
குளியலறை வெளிச்சத்தில்
வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன்.
கூட்டினால் ஐந்து, பெருக்கினால் ஆறு.
இரண்டும் மூன்றும் என்று பிடிபட்டபோது
மணி ஒன்று பத்து.
குழாய் ஒரு சொட்டு விட்டது,
வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கட்டாரிலிருந்து அவர் குரல்பதிவு:
"இந்த வயதில உனக்கு இது ஏன்?"
கேட்டுக்கொண்டே இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தேன்.
இரண்டு விடை வந்தது.
மறைப் பெறுமானம் பொருந்தாது என்று எழுதி
வெட்டிவிட்டேன்.

ஞாயிறு மாலை டச்சுக் குடாக் கரை.
மணலில் தாள்களைப் பரப்பி
செருப்பைப் பாரமாக வைத்திருந்தேன்.
கோட்டைப் பக்கமிருந்து வந்த புள்ளிமான்
செருப்பைத் தள்ளிவிட்டு
ஒன்பதாம் வினாவைத் தின்றது.
கலங்கரை விளக்கு, அதன் உச்சியில் ஒருவன்,
இறக்கக் கோணத்தில் தெரிகிற படகு,
எல்லாம் போயிற்று.
நிதானமாக மென்றது,
என்னைப் பார்த்துக்கொண்டே.
செய்கை எதையும் காட்டவில்லை;
அதனால் அதற்கும் புள்ளி இல்லை.

செவ்வாய்.
மண்டபம் முழுக்க வெள்ளைச் சீருடை.
பக்கத்து மேசைப் பெண் எழுந்து நின்றாள்:
"மிஸ், நீங்களா எங்கட மேற்பார்வையாளர்?"
சுட்டெண்ணைக் காட்டினேன்.
வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு
அழிறப்பர் இருக்கா என்றாள்.
பாதியாக வெட்டிக் கொடுத்தேன்,
குளிசை வெட்டுகிற கைப்பழக்கம்.

கல்குலேட்டர் கூடாது.
என் வலது பெருவிரல்
வேலையில்லாமல் மேசையில் கிடந்தது.
மடக்கை அட்டவணையில்
ஒரு வரி தவறி இறங்கி,
வியர்த்து, திரும்பி ஏறினேன்.

ஒன்பதாம் வினாவில் படகு இல்லை.
கம்பம் ஒன்று, தரையில் அதன் நிழல்,
நடுவே பெயரில்லாத உயரம்.
அதற்கு எக்ஸ் என்று பேர் வைத்தேன்,
முதல் தடவையாக, நானாக.
படம் கீறினேன். விடை வந்தது.
சரியோ தெரியாது;
அலகு எழுதினேன், மீட்டர்.

இன்னும் ஆறு நிமிடம் இருந்தது.
கம்பத்தடியில் சின்னதாக
ஒரு மான் கீறிவிட்டு
அழிக்கத் தேடினால்
கையில் அரை றப்பர்தான்.