இரண்டு அங்குலம்

விற்கும்போது ஆட்டுப்பண்ணை இத்ரிஸ் ஒன்றைத்தான் சொன்னார்:
"ஹாரனை அழுத்தினால் வைப்பர் ஓடும்.
பழகிவிடும்."

தொண்ணூற்றொன்றில் பிறந்த மிட்சுபிஷி.
பின் தொட்டியில் இன்னும் தீவன வாசம்.
இருக்கைக்கு அடியில்
ஏதோ ஒரு செம்மறி உதறிவிட்டுப் போன காது வில்லை, மஞ்சள், 4417.
சாவியோடு கோத்துக்கொண்டேன்.

ஸ்க்ரூடிரைவரின் முனையால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே வந்தேன்.
டங். டங். டங்.
அப்புறம் சத்தம் இல்லை.
கைப்பிடி வரை உள்ளே போயிருந்தது.
முப்பது குளிர்காலத்துச் சாலை உப்பு
இரும்பை அப்பளமாகப் பொரித்து வைத்திருந்தது.

வாரத்தில் ஐந்து நாள்
லான்டவரி மருந்துக்கடையில் மாத்திரை எண்ணும் கை இது.
சனிக்கிழமை அதே கை
கமான் பட்டையின் போல்டோடு மல்லுக்கட்டி
இரண்டு நகங்களைத் தோற்றது.
பண்ணைகளுக்குக் கேட் அடிக்கும் டெலித்
வெல்டிங் முகமூடிக்குள்ளிருந்து வேல்ஸ் மொழியில் திட்டினாள்.
வண்டியையா, என்னையா, தெரியவில்லை.
எந்த மொழி வசவும் தொனியில் விளங்கிவிடுகிறது.

துருவை வெட்டிய இடத்தில் புது இரும்பு.
பம்பரின் இரு முனைகளையும் அறுத்தோம்,
வண்டி முகவாயைத் தூக்கிக்கொண்டது.
பின் டிஃபரன்ஷியல் தண்ணீரில் மூச்சுமுட்டாதிருக்க
விளக்கு உயரத்துக்கு ஒரு ரப்பர் குழாய்.
இன்ஜினுக்கும் உயரமாய் ஒரு மூக்கு வைப்போமா என்றேன்.
"அவ்வளவு ஆழத்தில் போனால்
அதற்குப் பெயர் படகு" என்றாள்.

கௌரிபாலன் கராஜ் வாசலில் நின்று கேட்டார்:
"எவ்வளவு உயர்ந்திருக்கிறது?"
"இரண்டு அங்குலம்."
"எவ்வளவு ஆனது?"
சொன்னேன்.
"அங்குலம் எழுநூறு பவுண்டு.
லண்டனில் நிலம்கூட மலிவு."

ஆனாலும் ஏப்ரலில்
முதல் ஆளாகப் பக்கத்து இருக்கையில் ஏறி
பெல்ட்டை மாட்டி, சரிபார்த்து,
மறுபடி சரிபார்த்தது அவர்தான்.

தார் முடிந்த இடத்தில் இறங்கி
நான்கு டயரிலும் பாதிக் காற்றை விட்டேன்.
சும்மா வந்த திருத்தம் அது ஒன்றுதான்.
விறைத்து நின்ற ரப்பர் தளர்ந்து
ஒவ்வொரு கல்லையும் விசாரித்துக்கொண்டு ஏறியது.
லோ ரேஞ்சில் முதல் கியர்:
நடப்பவர் நம்மை முந்திப் போகலாம்.
போனார் ஒருவர், நாயோடு,
துக்க வீட்டைக் கடப்பவர்போல் தலையசைத்து.

மேட்டைத் தாண்டினால் ஆறு.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
இங்கே காலை விட்டுத்தான் ஆழம் தெரியவேண்டும்.
பூட்ஸோடு இறங்கினேன்.
கெண்டைக்கால். முழங்கால்.
நடுவில் ஒரு வழுக்குப் பாறை, அதன் இடப்பக்கம் சரளை.
குளிர் எலும்பைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.
அக்கரையைத் தொட்டுத் திரும்பி வந்து,
நடுங்கும் காலாலேயே கிளட்சை மிதித்தேன்.

தண்ணீர் முகப்பில் சுருண்டு விலகியது.
நிறுத்தாதே, விரட்டாதே,
டெலித் சொல்லி அனுப்பியது அவ்வளவுதான்.
பாறைக்கு இடப்பக்கம். சரளை.
கௌரிபாலன் கால்களைத் தூக்கிக்கொண்டார்.
"தண்ணீர் உள்ளே வருகிறது."
"வராது."
"என் காலுறைக்குள் வந்துவிட்டது."

அக்கரையில் கதவைத் திறந்து குனிந்தார்.
வெளியே ஈரக்கோடு,
கதவின் அடிவிளிம்புக்கு ஒன்றரை விரல் கீழே நின்றிருந்தது.
இரண்டு விரலை வைத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
உள்ளே வந்தது
பழைய ரேடியோ ஒயருக்காக இத்ரிஸ் தரையில் போட்ட ஓட்டை வழியாக.
எட்டு மாதம் அதன்மேல் பாய் விரித்து வேலை செய்திருக்கிறேன்.

காலுறை ஹீட்டர் வாயில் ஆவிவிட,
வளைவில் ஒரு செம்மறி நடுப்பாதையில் நின்றது.
ஹாரனை அழுத்தினேன்.
வைப்பர் எழுந்து,
மழையில்லாத கண்ணாடியை
ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் துடைத்தது.
செம்மறி அதைக் கடைசி வரை பார்த்தது.