நாலு திருகாணி

சிவப்பு முகத்தை விட்டு
கறுப்புக் கொம்பாஸை எடுத்தேன்.
வெயிலில் எண் தெரியவேணும்.
மன்னார்க் கடைக்காரன்
ஒரு சதமும் குறைக்கவில்லை.

சுக்கானுக்கு முன்னால்
குறுக்குப் பலகையில் பூட்டினேன்,
பித்தளைத் திருகாணி நாலு.
நங்கூரத்தை அணியத்துக்குத் தள்ளி
கத்தியையும் ரேடியோவையும்
நாச்சிக்குடா மணலில் வைத்தேன்.
முள் வடக்கே நின்றது.

செலஸ்ரின் ஏறிச் சுக்கான் பிடிக்க
ஆறு பாகை கிழக்கே போனது.
இறங்கினான்,
திரும்பி வந்தது.
"மடியில என்ன, திறப்போ?"
சாரத்தை உதறிக் காட்டினான்.
பிறகு வலது முழங்காலைத் தட்டி,
"இதைக் கழற்றேலாது."

நாலு திருகாணியையும் கழற்றினேன்.

இப்போது அது இடப்பக்கம் இருக்கிறது,
கொஞ்சம் எட்டிப் பார்க்கவேணும்.
பழைய துளைகளுக்கு
மெழுகு காய்ச்சி ஊற்றினோம்.
மூன்றுக்குத்தான் காணும்.