பல் போன உளி

நான்சியிலிருந்து காரில் வந்தார்.
பெட்டிக்குள் வெல்வெட், வெல்வெட்டுக்குள் பட்டுத் துணி,
அதற்குள் வயலின்.
மிர்கூரில் மழை. குடையை மடக்காமலே சொன்னார்:
"காப்பீட்டுக்கு ஒரு சான்றிதழ் வேண்டும், மதாம் தூவ்னோ.
கிரெமோனா, ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தொன்று."

லேபிள் இருந்தது, இடது துளைக்கு நேர் கீழே.
தேநீரில் ஊறவைத்துப் பழுப்பேற்றிய தாள்.
நான் சிரிக்கவில்லை.
அந்த மாதிரி நூறு பார்த்தாயிற்று.

பல்வைத்தியரின் கண்ணாடியை உள்ளே நுழைத்தேன்.
சின்ன விளக்கு.
முதுகுப் பலகையின் உட்புறம், மேப்பிளில்,
குடைந்த தடம் ஒவ்வொன்றிலும்
மயிரிழை அளவு ஒரு மேடு.
கொழு முனை உடைந்த ஏரால் உழுதால்
சாலுக்குச் சால் அதே பிசிறு வருமே,
அப்படி.

என் முதுகுக்குப் பின்னால் சுவரில்
ஏழாம் எண் உளி தொங்குகிறது.
வலது மூலையில் பல் போயிருக்கிறது.
தீட்டினால் சரியாகிவிடும். தீட்டவில்லை.
உட்புறத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

தொண்ணூற்றெட்டு, ஜனவரி.
கொதிகலன் வெடித்த மாதம்.
தூரிகையிலிருந்து மரத்துக்குப் போவதற்குள்
வச்சிரப் பசை உறைந்தது.
கையுறையின் விரல்களை வெட்டிவிட்டு வேலை செய்தேன்.
நாலாயிரம் பிராங்குக்கு விற்றேன்.
புதுக் கொதிகலன் ஆறாயிரம்.

அவர் வாசித்துக் காட்டினார். சுமாரான கை.
ஆனால் மந்தரத் தந்தி,
அறையில் அடுக்கியிருந்த பலகைகளையெல்லாம்
ஒருமுறை பேர் சொல்லிக் கூப்பிட்டது.
"இப்படியொரு குரலை இன்றைக்கு
எவராலும் செய்ய முடியாது," என்றார்
கண்ணை மூடிக்கொண்டு.
முப்பத்து மூன்று வருடத் தொழிலில்
என் வேலையைப் பற்றி என் முகத்துக்கு நேரே
சொல்லப்பட்ட மிக நல்ல வார்த்தை.

மேல் தந்தியில் மட்டும் ஒரு கீறல் கேட்டது.
"ஒரு நிமிடம்," என்றேன்.
குதிரைக்குப் பின்னே, உடலுக்குள்
ஒட்டாமல் நிற்கும் அந்தச் சிறு தூணை
பிரெஞ்சில் உயிர் என்போம்.
அரை மில்லிமீட்டர் தள்ளி நின்றது.
யார் தள்ளியதோ. நானாகவும் இருக்கலாம்,
அந்தக் குளிரில்.
வளைந்த கம்பியால் தட்டினேன்.
உயிர் நகர்ந்தது. கீறல் போயிற்று.

பிறகு எழுதினேன்:
மிர்கூர், 1998.
செய்தவர்: கீழே கையெழுத்திட்டிருப்பவர்.
உளியைக் கழற்றி அவர் முன் வைத்தேன்.

தாளைப் படித்தார். உளியைப் பார்க்கவில்லை.
பாரிஸில் நிபுணர்கள் இருக்கிறார்கள் என்றார்.
இருக்கிறார்கள் என்றேன்.
பொறாமை என்றார்.
அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.
இருநூற்றைம்பது வயது மூத்த என்மேல்
எனக்குக் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

கார் பாலத்தைத் தாண்டிப் போயிற்று.
குடை இங்கேயே கிடக்கிறது.
உயிரை நகர்த்திய கூலி, அறுபது யூரோ,
இன்னும் வரவில்லை.
இரண்டையும் கணக்கில் எழுதிவைத்திருக்கிறேன்.