முந்நூற்றுப் பன்னிரண்டு

திரைச்சீலைத் துணி என்ன விலை என்று
பார்க்கத்தான் உட்கார்ந்தேன்.
வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபத்தாறு பாகை.
கெமி நகரம் முழுக்கக் காகித ஆலையின்
அவித்த முட்டைக்கோஸ் வாடை.

திடீரென்று ஒரு சிவப்புக் கேடயம்.
யாரும் கேட்காமலே அது
என் கணினியைச் சோதிக்க ஆரம்பித்தது.
பன்னிரண்டு. நாற்பது. நூற்றேழு.
எண்கள் ஓட ஓட
என் கை மவுஸை விட்டு எழுந்து
வாயைப் பொத்திக்கொண்டது.
முந்நூற்றுப் பன்னிரண்டு ஆபத்துகள்
என்று சொல்லி நின்றது.

எங்கள் ஃபின்னிஷ் மொழிதான். ஆனால்
வேற்றுமை உருபுகளெல்லாம் இடம் மாறி,
குடித்தவன் அடுக்கிய விறகுபோல.
அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.
பயந்தவளுக்கு இலக்கணம் ஏது?

பட்டியலைக் கீழே இழுத்தேன்.
எண்பத்து மூன்றாவது வரி:
ஆபாசப் படங்கள், பதினான்கு கோப்புகள்.
வீட்டில் இருப்பது இரண்டே பேர்.
நான் பார்க்கவில்லை.

ராய்மோ நகராட்சியின் பனி வழிக்கும் வண்டியை விட்டுவிட்டு
பூட்ஸைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தான்.
"இது என்ன?" என்று மட்டும் கேட்டேன்,
திரையைக் காட்டி.
அவன் திரையைப் பார்க்கவேயில்லை,
என் முகத்தைப் பார்த்தான்.
"மொத்தத்தையும் ஒரேயடியாக எடுக்கவில்லை" என்றான்.

எதை?

அப்பன் குதிருக்குள் இல்லையென்று
கேளாமலே சொன்ன கதை.

"கல்லாவுக்கும் கதவுக்கும் நடுவே நிற்குமே, அந்த மெஷின்.
முதலில் பால் வாங்கின மிச்சச் சில்லறைதான்.
ஒருநாள் மூன்று செர்ரி வரிசையாக விழுந்தது.
அப்புறம் டப்பா. அப்புறம் அட்டை."

சவுனாவுக்குப் புது அடுப்பு வாங்க
பிஸ்கட் டப்பாவில் சேர்த்தது,
இரண்டாயிரத்து முந்நூறு யூரோ.
டப்பாவைத் திறந்து பார்த்தேன்.
அடியில் கொஞ்சம் பிஸ்கட் தூள் இருந்தது.

அன்றிரவு அவன் சோபாவில்.
நான் கணினியோடு.
நிமிடத்துக்குப் பத்துத் தரம் அது கத்தியது,
இப்போதே காப்பாற்று, இப்போதே காப்பாற்று என்று.
மூடினால் திறந்தது. அணைத்துப் போட்டால்
எழும்போதே சிவப்பாய் எழுந்தது.
இரண்டு மணிக்கு
என் அட்டை எண்ணைத் தட்டிக் கொடுத்தேன்.
நாற்பத்தொன்பது யூரோ, தொண்ணூற்றைந்து செண்ட்.
கேடயம் பச்சையானது.
எனக்கும் ஏதோ விழுந்ததுபோல் இருந்தது.
நன்றாகத் தூங்கினேன், வெட்கமாக இருக்கிறது சொல்ல.
காலையில் மறுபடி சிவப்பு.

நூலகத்தில் கணினி பார்க்கும் கிர்சி
உதைத்துத் தள்ளும் சறுக்கு வண்டியில் வந்தாள்.
கையுறையைக் கழற்றாமலே
இணைய வயரைப் பிடுங்கினாள்.
சேஃப் மோடில் எழுப்பினாள்.
வெறும் எண்களையே பெயராக வைத்திருந்த ஒரு கோப்பை,
செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல்
தூக்கிப் போட்டாள்.
"அந்தப் பதினான்கு?" என்றேன் மெதுவாக.
"பதினான்கும் இல்லை, முந்நூறும் இல்லை.
இது எதையும் சோதிக்கவேயில்லை.
எண்ணுவதுபோல் நடிக்கிற படம், அவ்வளவுதான்.
போன வாரம் தேவாலயப் போதகர் வீட்டிலும்
இதே பதினான்கு."

சமையலறை வாசலில் ராய்மோ.
யாரோ அடுத்த வீட்டைத் தட்ட
தன் கதவைத் திறந்துவிட்டவனின் முகம்.
எனக்குச் சிரிப்பு வந்தது. வரக்கூடாதுதான்.

"பணம் ஏதாவது போனதா?" என்றாள் கிர்சி.
"நாற்பத்தொன்பது தொண்ணூற்றைந்து" என்றேன் நான்.
"இரண்டாயிரத்து முந்நூறு" என்றான் அவன்,
இரண்டும் ஒரே மூச்சில்.
அவள் முதலாவதை மட்டும் எழுதிக்கொண்டாள்.

வங்கியை அழைத்தோம்.
காத்திருக்கச் சொல்லும் இசை, பதினேழு நிமிடம்.
அவன் காபி போட்டான், மூன்று கோப்பை.
கடைசியில் ஒரு பெண் குரல்.
என் அட்டையை முடக்கச் சொல்லி எண்ணை வாசித்தேன்.
"வேறு ஏதாவது?" என்றது குரல்.

ராய்மோ ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்தான்.
பர்ஸைத் திறந்தான்.
"இதையும்" என்றான்.