ஒன்பது நொடி

ரோம் என்றதும் தூண்களைத் தேடாதீர்கள்.
இது நியூயார்க் மாநிலத்து ரோம்.
ஏரிப்பக்கமிருந்து வரும் பனி
நிறுத்திய கார்களையெல்லாம்
பெயரில்லாத மேடுகளாக்கிவிடும் ஊர்.
பழைய விமானத்தளத்தின் ஓடுபாதையருகே
மூன்றாவது கட்டடம், இரண்டாவது மாடி.
லொரேட்டா பியெகார்ஸ்கி
பூட்ஸ் பனியை உதறிவிட்டு உட்காருகிறாள்.
மேசையில் பத்தொன்பது விண்ணப்பங்கள்.

எல்லாமே வானத்துக்குப் பணம் கேட்கின்றன.
வானத்துக்கு என்றால்
வானத்தை ஆள.
அந்தச் சொல்லை மட்டும் யாரும் எழுதுவதில்லை.
ஒருங்கிணைப்பு என்கிறார்கள், விழிப்புணர்வு என்கிறார்கள்,
கட்டளையையும் கட்டுப்பாட்டையும்
இரட்டைப் பிள்ளைகளைக் கூப்பிடுவதுபோல
ஒரே மூச்சில் சொல்கிறார்கள்.

முதலாவது தள்ளுபடி:
பக்க ஓரம் அரை அங்குலம் குறைச்சல்.
நான்காவதில் ஒரு பல்கலைக்கழகம்
எழுபது லட்சம் டாலரை
ஐந்து ஆண்டுக்குத் தடவியிருக்கிறது,
ரொட்டியில் வெண்ணெய் மாதிரி, விளிம்புவரை.
ஆறாவதை எழுதியவருக்கு
எதிரி என்று சொல்லக் கூச்சம்.
முப்பத்தொரு இடத்தில் 'ஒத்துழைக்காத பொருள்'.

ஏழாவதில் ஒரு வாக்கியம்:
'முடிவெடுக்கும் நேரத்தைப்
பதினோரு நிமிடத்திலிருந்து
ஒன்பது நொடியாகக் குறைப்போம்.'

எங்கிருந்து வந்தது பதினோரு நிமிடம்?
பின்னிணைப்பு, பக்கம் நாற்பத்திரண்டு.
கொலராடோவில் ஓர் இரவுப் பணி.
திரையில் ஏதோ ஒன்று தடம் விலகி
அவர்களுடைய கோள் ஒன்றை நோக்கி வந்தது.
(ஊர் ரகசியங்களைத் தரைக்குக்
கோள் சொல்வதே அந்தக் கோளின் வேலை.)
இரண்டு பதினான்குக்கு எச்சரிக்கை ஒலித்தது.
இரண்டு இருபத்தைந்துக்கு
சார்ஜென்ட் ஹாலோவே தட்டச்சு செய்தார்:
'தாக்குதல் அல்ல.
கழன்றுபோன வெப்பப் போர்வைத் துண்டு.'
நடுவே
அட்டவணையில் ஒரு வெற்றுப் பெட்டி.
அதற்குச் சாம்பல் நிறம் பூசித்
'தாமதம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

காபி ஆறிப்போகும்வரை
அந்தச் சாம்பலைப் பார்த்திருந்தாள்.
மனிதர் என்ன செய்தார் அதற்குள்?
யாரைத் தூக்கத்திலிருந்து எழுப்பினார்,
எழுந்தவர் என்ன திட்டினார்?
வெயில் பட்டு மின்னுவதும் மங்குவதுமாக
அந்தப் புள்ளி புரண்டுகொண்டே வருகிறது,
ஓட்டுவதற்கு ஆளில்லாத வண்டிபோல,
என்று எந்த நிமிடத்தில் தட்டியது அவருக்கு?
கை பொத்தானருகே போய்த் திரும்பியதா,
போகவே இல்லையா?
அட்டவணைக்குத் தெரியாது.
அதன் கணக்கில்
அவர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

நொடி என்றால் விரல் சொடுக்கும் ஓசை.
நொடி என்றால் விடுகதையும்தான்.
ஒருவன் நொடிந்துபோனான் என்றால்
முதலும் போயிற்று என்று அர்த்தம்.
லொரேட்டாவுக்கு இந்தச் சொல் தெரியாது.
அவளுக்குத் தெரிந்தது மதிப்பெண் தாள்.
புதுமை: ஐந்துக்கு ஐந்து.
சாத்தியம்: நான்கு.
செலவில் நியாயம்: நான்கு,
யோசித்து, நான்கரை.

கடைசியில் மதிப்பீட்டாளர் கேள்வி,
இருநூறு எழுத்துக்குள்.
அந்த நிமிடங்களை உங்கள் நிரல்
எங்கே வைத்து யோசிக்கும் என்று எழுதினாள்.
அழித்தாள்.
பிறகு இதை மட்டும்:
'ஹாலோவேயிடம் கேட்டீர்களா?'

மூன்று வாரம் கழித்துப் பதில்,
மரியாதையாக, நிறுவனச் சின்னத்தோடு:
'அது இந்த ஆய்வின் வரம்புக்குள் வராது.
இரண்டாம் கட்டத்துக்குக் கூடுதல் நிதி கிடைத்தால்
பரிசீலிக்கலாம்.'

முதல் கட்ட நிதி கிடைத்தது.
கூட்டிப் பார்த்த எண்களில்
அவளுடைய நான்கரையும் இருந்தது.

அன்று மாலை வாகன நிறுத்தத்தில்
கால் மணி நேரம் சுரண்டினாள்.
கண்ணாடி தெளிந்ததும்
உள்ளே யாருடையதோ ஒரு குழந்தை இருக்கை,
அதில் ஒற்றைக் கையுறை.
சுற்றிலும் பார்த்தாள். யாருமில்லை.
சிரிப்பு வந்தது, உடனே நின்றது.
அடுத்த மேட்டுக்குப் போய்
முதலில்
எண்பலகையைத் துடைத்தாள்.